பாஸ்டனிலிருந்து வந்த நாகஸ்வர மாணாக்கர்

சாக்ஸபோன் என்ற வாத்தியத்தைப் பற்றி நம் பக்கத்தில் பேச்செடுத்தால், கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது 1994-இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படமாகத்தான் இருக்கும். திரையில் பிரபுவின் கையில் மின்னிய அந்தப் பித்தளைக் குழல், உண்மையில் கத்ரி கோபால்நாத் அவர்களின் மூச்சில் பாடியது என்பதை அறிந்தவர்களும், அறியாமலே அந்த நாதத்தில் மயங்கியவர்களும், அதன்பின் திருச்சிக் கல்யாண மண்டபங்களின் வரவேற்பு மேடைகளில் இந்த வாத்தியம் ஏறி உட்கார்ந்ததை ஆட்சேபமின்றி ஏற்றுக்கொண்டார்கள். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வரக் குடும்பம் ஒன்றில் பிறந்து, நாகஸ்வர வித்வானான தந்தையிடமே முதல் பாடம் கேட்டு, மைசூர் அரண்மனை வாத்திய கோஷ்டியில் சாக்ஸபோனைக் கண்டு மோகித்து, அதையே தம் வாழ்நாள் வாத்தியமாக வரித்துக்கொண்டவர் கத்ரி. இந்தக் கதை நம்மவர்க்குத் தெரியும். இதே பாதையில் நேர் எதிர்த் திசையிலிருந்து நடந்து வந்த மற்றொருவரைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். அவர் சாக்ஸபோனில் உலகப் பிரசித்தி அடைந்துவிட்டு, நாற்பது வயதைக் கடந்த பிறகு நாகஸ்வரத்துக்கு மாணாக்கராக வந்து சேர்ந்தவர். பெயர் சார்லி மரியானோ.

1923-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அந்தத் தலைமுறையில் அல்டோ சாக்ஸபோனைக் கையில் எடுத்த இளைஞர் எல்லோரையும் சார்லி பார்க்கர் என்ற மகாமேதை எப்படி ஆட்கொண்டாரோ அப்படியே இவரையும் ஆட்கொண்டார். ஸ்டான் கென்டனின் பெரிய வாத்திய கோஷ்டியில் சில காலம், ஜப்பானியப் பியானோக் கலைஞரும் அப்போதைய மனைவியுமான தோஷிகோ அகியோஷியுடன் சில காலம், பாஸ்டனில் இன்று பெர்க்லீ என்று வழங்கும் சங்கீதக் கல்லூரியில் உபாத்தியாயராகச் சில காலம் என்று அவருடைய ஜீவியம் போயிற்று. இவையெல்லாம் ஜாஸ் சரித்திரக்காரர்களின் விஷயம். நாம் விரைந்து கடந்துவிடலாம்.

நின்று கேட்க வேண்டியது 1963-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி நியூயார்க்கில் பதிவான ஓர் இசைத்தட்டு. 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்பது அதன் பெயர். படைத்தவர் சார்ல்ஸ் மிங்கஸ். பேஸ் என்னும் ஆளுயரப் பிடில் வாசிப்பவர். முன்கோபத்துக்குப் பெயர் போனவர். தட்டின் உறையில் அச்சிடப்படும் விளக்கவுரையை எழுதத் தம் மனநல வைத்தியரையே அழைத்த விசித்திர புருஷர். பதினொரு கலைஞர்களைக் கூட்டி, நாட்டியத்துக்கு உரியதுபோல் ஆறு பகுதிகளாக அவர் அமைத்த இந்தப் படைப்பு நாற்பது நிமிஷத்துக்குச் சற்றே குறைவானது. ஒரு பதிவின்மேல் இன்னொரு பதிவை ஏற்றும் உத்தியையும், அந்தக் கால ஜாஸ்காரர்கள் பலர் முகம் சுளித்திருக்கக்கூடிய அளவுக்குத் தாராளமாக மிங்கஸ் இதில் கையாண்டார்.

கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு இந்தத் தட்டில் முதலில் இடறுவது காலப்பிரமாணம். ஒரு பகுதியில் மெதுவாகப் புறப்பட்ட கதி, படிப்படியாக வேகம் ஏறி, மூச்சு முட்டும் நிலைக்குப் போய், திடீரென்று பழைய விளம்பத்துக்கே விழுந்து, மறுபடி ஏறத் தொடங்குகிறது. நம் சபையில் ஒரு பாடகர் பல்லவியைத் தொடங்கிய காலத்திலிருந்து இம்மி நகர்ந்தாலும் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் புருவத்தை உயர்த்துவார். இங்கேயோ அந்த நகர்ச்சியே சங்கல்பம். இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ஆனால் மரியானோவின் அல்டோவை ஏற்றுக்கொள்ள ஒரு கணமும் பிடிக்கவில்லை. தாழ்ந்த வாத்தியங்கள் எல்லாம் இருட்டாக உறுமிக்கொண்டிருக்க, அவற்றின் மேலே ஒற்றைக் குரலாக அது எழுகிறது. ஒரு ஸ்வரத்தை நேராகத் தொடாமல் அடியிலிருந்து வளைந்து ஏறித் தொடுகிறது. தொட்ட இடத்தில் நிற்க மனமின்றி நடுங்குகிறது. பிறகு விம்மி இறங்குகிறது. முகாரி தெரிந்தவர்கள் முகாரியை நினைப்பார்கள். முகாரி அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் சோகத்துக்கு ராக லட்சணம் பார்த்துத்தான் மனம் கரைய வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் விதிக்கவில்லையே.

இந்தத் தட்டைப் பதிவு செய்த காலத்தில் நாகஸ்வரம் மரியானோவின் வாழ்வில் வந்திருக்கவில்லை. அது நிகழ்ந்தது சில வருஷங்களுக்குப் பிறகு, அதுவும் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ அல்ல, மலேசியாவில். 1960-களின் பிற்பாதியில் கோலாலம்பூரில் அந்நாட்டு வானொலியின் வாத்திய கோஷ்டிக்குப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தபோதுதான், நம்மவர்கள் கடல் கடந்து கொண்டு சென்ற அந்த மங்கள வாத்தியம் அவர் செவியில் விழுந்தது. ரப்பர்த் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் பிழைக்கப் போன ஜனங்கள், போன இடத்தில் கோயிலைக் கட்டி, கோயிலுக்கு நாகஸ்வரத்தையும் தவிலையும் வரவழைத்து, இரண்டு மூன்று தலைமுறை காப்பாற்றி வைத்திருந்ததால்தான் ஒரு பாஸ்டன்காரர் அதைக் கேட்க முடிந்தது. இந்தப் புண்ணியத்தில் அவர்களுக்கு உரிய பங்கை நம் சங்கீத எழுத்தாளர்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை. கேட்டதோடு அவர் விடவில்லை. தென்னிந்தியாவுக்கே வந்து, இருந்து, அப்பியாசம் செய்தார். 1970-களில் ஐரோப்பாவில் குடியேறிய பிறகு அவர் பங்குகொண்ட பல இசைத்தட்டுகளின் உறையில், சாக்ஸபோன், புல்லாங்குழல் ஆகியவற்றுக்குப் பக்கத்திலே நாகஸ்வரம் என்ற பெயரும் அச்சாகி வந்தது.

நடுவயதில் சாக்ஸபோனை விட்டு நாகஸ்வரத்தை எடுப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை உணர, இரண்டையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சாக்ஸபோன், பெல்ஜியத்துக்காரரான அடால்ப் சாக்ஸ் என்பவர் கண்டுபிடித்து, 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற வாத்தியம். உடல் பித்தளையானாலும், ஊதுவாயில் கட்டியிருக்கும் ஒற்றை நாணல் தகடு அதிர்வதால்தான் நாதம் பிறக்கிறது. அதன் துளைகளை விரல் தொடுவதே இல்லை. விரல் அழுத்துவது சாவியை, சாவி இழுப்பது நெம்புகோலை, நெம்புகோல் மூடுவது தோல் வைத்த மூடியை. துளை மூடும் அல்லது திறக்கும். பாதி திறந்து பாதி மூடி விரலை நழுவவிடும் சௌகரியம் அங்கே கிடையாது. ஆகையால் கமகம் வேண்டுமென்றால் உதட்டாலும் தொண்டையாலும் மூச்சாலும்தான் உண்டாக்க வேண்டும்.

நாகஸ்வரமோ ஆச்சா மரத்தில் கடைந்தது. நரசிங்கம்பேட்டையில் ஆசாரிமார் செய்வது. உயர்ந்த சுருதியுள்ள குட்டையான திமிரியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிரபலப்படுத்திய நீண்ட பாரியே இன்று எங்கும் வழங்குகிறது. துளைகள் பன்னிரண்டு, அவற்றில் ஏழுதான் விரலுக்கு, மற்ற ஐந்து மெழுகிட்டுச் சுருதி சரிபார்ப்பதற்கு. உச்சியில் கெண்டை என்ற உலோகக் குழல், அதன்மேல் சீவாளி. சீவாளி என்பது கொறுக்கை நாணலைப் பக்குவப்படுத்தித் தட்டையாக்கிக் கட்டிய இரட்டை நாக்கு. வித்வானுடைய வாத்தியத்தின் கழுத்திலிருந்து நூலில் கட்டித் தொங்கும் கொத்தைப் பார்த்திருப்பீர்கள். உபரிச் சீவாளிகளும், அவற்றின் வாயைச் சரிசெய்யும் ஊசியும் அதில் இருக்கும். ஒன்று ஈரத்தில் ஊறிச் சோர்ந்தால் கச்சேரி நடுவிலேயே மற்றொன்றை மாட்டுவார்கள். விரல் நேரே மரத்தில். மூச்சு நேரே நாணலில். இடையில் யந்திரம் எதுவும் இல்லை. ஒரே துளையிலிருந்து மூச்சின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், விரலைச் சாய்த்தும் நிமிர்த்தியும், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வர ஸ்தானங்களைப் பெற வேண்டும் என்பதனால், பத்து வயதில் தொடங்குபவர்களே இருபதில்தான் தைரியமாக ஆலாபனை செய்ய வருகிறார்கள்.

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. மரியானோவுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் இளையவர், 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திர தேசத்துக் கரவாடியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிபு. தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்து வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. குலத்தொழிலே அதுவாக இருந்தும், ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றே தீருவது என்று நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களை நாடி வந்தவர். பிறகு ரங்கநாதரின் மேலுள்ள பக்தியால் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அங்கே சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி, சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்று, 1999-இல் காலமானார். தோளில் துண்டும் நெற்றியில் வியர்வையுமாக அவர் தோடியை விஸ்தரித்த சாயங்காலங்களை இன்னும் பேசுகிற கிழவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். காவேரிக் கரைப் பாணி காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வசப்படும் என்று யாராவது சொன்னால், நான் அதிகம் வாதாடுவதில்லை. மௌலானா சாகிபு பெயரைச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்கத் தொடங்கிவிடுவேன்.

லால்குடிக்காரனுக்கு இந்த விஷயத்தில் வேறொரு சலுகையும் உண்டு. வயலின் என்ற மேனாட்டு வாத்தியத்தைச் சாகித்தியத்தின் அட்சரம் அட்சரமாகப் பாட வைத்த ஜெயராமன் அவர்களின் பெயர்முன் எங்கள் ஊர் நிற்கிறது. 1965-இல் எடின்பரோ விழாவில் அவருடைய வாசிப்பைக் கேட்ட யெஹூதி மெனுஹின், தம்முடைய இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசாக அளித்தார் என்பதும் சரித்திரம். வாத்தியம் எந்தச் சீமையில் செய்யப்பட்டது என்ற கேள்வியை எழுப்ப எங்கள் ஊர்க்காரர்களுக்கு முகம் கிடையாது.

இனி 'ஜ்யோதி'. 1983-ஆம் ஆண்டில், மியூனிக் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.சி.எம். என்ற நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு இது. மரியானோவுடன் இதில் கலந்துகொண்டவர்கள் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆப் பெர்க்கஷன் குழுவினர். 1964-இல் அந்தப் பள்ளியை நிறுவிய டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், அவர் மனைவி ஆர்.ஏ. ராமமணி வாய்ப்பாட்டும் தம்புராவும், ஆர்.ஏ. ராஜகோபால் கடம், டி.என். சசிகுமார் கஞ்சிரா. பியானோ இல்லை, பேஸ் இல்லை, மேனாட்டு டிரம்ஸ் இல்லை. அதாவது ஒரு ஜாஸ்காரர் சாய்ந்துகொள்ள வழக்கமாகக் கிடைக்கும் சுவர் ஒன்றும் இல்லாத வெளியில், தம்புரா சுருதியின்மேல் தனியாக வந்து நிற்கிறார் அறுபதை நெருங்கிய அந்த மனிதர். ஒரு பகுதிக்குப் பெயர் 'சப்தரிஷி'. திருத்தவத்துறை என்று பெயர்பெற்று, ஏழு முனிவர்கள் தவமிருந்த தலமென்று போற்றப்படும் சப்தரிஷீசுவரர் சந்நிதியின் நிழலில் வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரைக் கண்டவுடன் வேறு நியாயமே தேவைப்படாமல் அந்தத் தட்டின்மேல் அபிமானம் உண்டாகிவிட்டது. தியாகையர் எங்கள் ஊருக்கு வந்து ஐந்து கிருதிகள் பாடியதையே இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிற ஊர் அல்லவா இது!

பெயர்ப் பொருத்தத்தை ஒதுக்கி வைத்தாலும் தட்டு நிற்கும் என்பது என் அபிப்பிராயம். ராமமணியின் குரல் ஒரு பிடியை எடுத்து வைக்கிறது. சாக்ஸபோன் அதே பிடியை அதே வளைவுகளோடு பின்தொடர்கிறது. சில இடங்களில் குரலும் குழலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது தொண்டை எது பித்தளை என்று பிரிக்க முடியாமல் போகிறது. கொன்னக்கோல் ஜதிகள் விழும்போது மரியானோ அவற்றோடு போட்டி போடாமல் விலகி நின்று, தீர்மானம் வந்து சேரும் இடத்தில் மட்டும் வந்து கலக்கிறார். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. இத்தனை வருஷம் நாகஸ்வரம் பயின்றவர், வேறு தட்டுகளில் அதைத் தயக்கமின்றி வாசித்தவர், கர்நாடக சங்கீத வித்வான்கள் புடைசூழ அமர்ந்த இந்தத் தட்டில் அதைத் தொடவே இல்லை. அல்டோ, சொப்ரானோ சாக்ஸபோன்களும் புல்லாங்குழலும் மட்டுமே. கற்ற வித்தையைக் காட்சிக்கு வைக்காமல், அதைத் தம் சொந்த வாத்தியத்தின் உள்ளே கரைத்துவிட்டார். கார்வையை நீட்டிப் பிடிக்கும் விதம், ஸ்வரத்தை மோதித் தொடாமல் உரசித் தொடும் விதம், மூச்சை எடுக்கும் இடம் எல்லாவற்றிலும் சீவாளியோடு பழகிய உதடு தெரிகிறது.

இது என் காதின் பிரமையா என்று சோதிக்க, எங்கள் ஊரில் நாகஸ்வரம் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் கைபேசியில் இதைப் போட்டுக் காட்டினேன். இரவு அர்த்தஜாமம் முடிந்து, வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு, பிராகாரத்துத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். யார், எந்த நாடு என்று ஒன்றும் சொல்லவில்லை.

"சாக்ஸு. ஆனா நம்ம ஆளு மாதிரி இல்லியே சார்?" என்றார் சிறிது நேரம் கழித்து.

"வெள்ளைக்காரர் அண்ணே. நாயனம் கத்துக்கிட்டவரு."

"அதான பாத்தேன். துத்துக்காரம் வெக்கிற எடத்தப் பாருங்க. நாக்க வேணுங்கிற எடத்துலதான் வெக்கிறாரு. மத்ததெல்லாம் அகாரமா விட்டுடறாரு. சீவாளி கடிச்சவனுக்குத்தான் அது தெரியும்."

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அந்த உற்சாகத்தில் மரியானோவின் பூர்வ கதையையும் சொல்லி, மிங்கஸ் தட்டிலிருந்தும் ஐந்து நிமிஷம் போட்டேன். வெற்றிலையை வாயில் அதக்கியபடி கேட்டார், பாதியில் நிறுத்தப் போன என் கையைத் தடுத்தார், கடைசிவரை கேட்டார். அதற்குப் பின் எங்களுக்குள் தொடங்கிய வழக்கைச் சொல்லுமுன், ஜாஸ் உலகத்திலிருந்து நம் சங்கீதத்தை நோக்கி வந்த பிறரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஜான் கோல்ட்ரேன் என்ற மகா வித்வான் 1961-ஆம் ஆண்டு நவம்பரில், நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற இசைக்கூடத்தில், 'இந்தியா' என்றே பெயரிட்ட ஒன்றை வாசித்தார். தம்புராவின் ரீங்காரத்தை உண்டாக்க இரண்டு பேஸ் வாத்தியங்களைச் சேர்த்து முழக்கவிட்டு, அதன்மேல் சொப்ரானோ சாக்ஸபோனில் அவர் செய்கிற சஞ்சாரத்தை 'இம்ப்ரெஷன்ஸ்' என்ற தட்டில் இன்றும் கேட்கலாம். பண்டிட் ரவிசங்கரிடம் கொண்ட மதிப்பால் தம் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தவர். நாற்பதாவது வயதில், இந்தியாவைக் காணாமலே மறைந்தவர். அவருடைய மேதைமை மரியானோவினுடையதைவிடப் பெரிது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் தூரத்திலிருந்து தியானித்தவர் ஒருவர், பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்து சீவாளியைக் கடித்தவர் மற்றொருவர் என்ற பேதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறகு 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கத்ரியின் வாசிப்பைக் கேட்டு, கலிபோர்னியாக்காரரான ஜான் ஹாண்டி தாமும் சேர்ந்து வாசிக்க விரும்பினார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்து பி.பி.சி. விழாவில் கத்ரி வாசித்தார். 2008-இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க இந்தியர் அவரோடு சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற தட்டை வெளியிட்டார். பாதை அகன்றுவிட்டது. மரியானோ நடந்த காலத்தில் அது ஒற்றையடிப் பாதை. அவர் 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எண்பத்தைந்தாவது வயதில், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் காலமானார். கத்ரி அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபரில்.

இனி அந்த வழக்கு. மிங்கஸ் தட்டைக் கேட்டு முடித்த நண்பர், எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, சாவதானமாகத் தீர்ப்புச் சொன்னார்: "சார், மொதல்ல போட்டீங்களே, அது நல்லா இருக்கு. ஆனா நாயனம் இதுலதான் இருக்கு."

"இதை வாசிச்சப்ப அவருக்கு நாயனம்னா என்னன்னே தெரியாதே அண்ணே! சொன்னேனே."

"தெரியாட்டி என்ன? இதுல அவரு யாருக்கும் பயப்படல. வீதியில நின்னு ஊதுறாரு. அந்தப் பொம்மனாட்டி பாடுறதுல வாத்தியார் முன்னாடி ஒக்காந்த மாதிரி பயபக்தியோட ஊதுறாரு. நாயனம் பயந்தா வருமா சார்?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு துறையில் ஆசாரியராக இருந்தவர், இன்னொரு துறையில் பயபக்தியோடு உட்கார்ந்தார் என்பதுதான் 'ஜ்யோதி'யின் பெருமை என்று வாதாடினேன். நாகஸ்வர வித்வான்கள் ராஜநடை போட்டே பழகியவர்கள், அடக்கத்தின் அழகு அவர்கள் காதில் சற்று மெதுவாகத்தான் ஏறும் என்று கொஞ்சம் சீண்டியும் பார்த்தேன். அவர் சிரித்தார்; தம் கட்சியை விடவில்லை. கோயில் கதவைச் சாத்த ஆள் வந்து நிற்கவே இருவரும் எழுந்தோம். அவர் போகும்போது கேட்டது 'ஜ்யோதி'யை அல்ல. "அந்தக் கறுப்புச் சாமியார் பாட்ட எனக்கு அனுப்பி வையுங்க" என்று மிங்கஸைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.